கூண்டுக்குருவியும் கரிச்சட்டியும்



சென்ற டிசம்பரில் ஒரு நாள் இரவு பதினோரு மணி இருக்கும். காரிலேயே விட்டுவந்த மருந்துப் பையை எடுக்கக் கீழே இறங்கினேன். நம் கேட்டருகே உள்ள வாட்ச்மேன் அறையின் கண்ணாடிக் கதவு இறுகச் சாத்தியிருந்தது. உள்ளே, பழைய பெயின்ட் டப்பா ஒன்றில் கங்கு சிவந்து கிடந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்தபடி, தலை ஒரு பக்கம் தொங்க உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து மெல்லத் தட்டினேன். பிறகு பலமாகத் தட்டினேன். நான்காவது தட்டுக்குத்தான் கண் திறந்தார். எழுந்து நிற்கப் பார்த்தவருக்குக் கால் நிற்கவில்லை. கதவைத் திறந்து வெளியே கூட்டிவந்து திண்ணையில் உட்கார வைத்தேன். தலைவலி சாயங்காலத்திலிருந்தே இருக்கிறதென்றும், இந்த வருடப் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சொன்னார். கால் மணி நேரம் வெளிக்காற்றில் இருந்ததும் கொஞ்சம் தெளிந்தார். அது பனியால் வந்த தலைவலி இல்லை.

நான் முப்பது வருடத்துக்கு மேல் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்தவன். அங்கே ஒரு தொட்டிக்குள் ஆள் இறங்க வேண்டுமென்றால் முதலில் காற்றைச் சோதிப்போம், பிறகு எழுத்தில் அனுமதி, பிறகு வாசலில் ஒரு ஆள் காவல். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் எவரையும் இறங்க விட்டதில்லை. அப்படிப்பட்டவன், கொடைக்கானலுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்திலேயே என் வீட்டுக் குளியலறை வென்டிலேட்டரைத் தெர்மாகோல் வைத்து அடைத்திருந்தேன். அந்தக் குளியலறையில் இருப்பது கேஸ் கீசர். வாட்ச்மேனைத் தெளிய வைத்துவிட்டு மாடியேறும்போதுதான் அது உறைத்தது. ராத்திரியோடு ராத்திரியாகத் தெர்மாகோலைப் பிடுங்கிப் போட்டேன். வீட்டுக்காரம்மா எழுந்து வந்து, கள்ளன் புகுந்துவிட்டானோ என்று பயந்தது தனிக்கதை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்கு வகுப்பெடுத்தவர் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லித்தான் பாடத்தைத் தொடங்கினார். அந்த மனிதர் ஜான் ஸ்காட் ஹால்டேன். மகன் ஜே.பி.எஸ். ஹால்டேனை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1957-ல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேஸ்வரத்தில் காலமான பெரிய உயிரியல் அறிஞர் அவர். நான் இங்கே சொல்லப்போவது தகப்பனாரைப் பற்றி.

ஹால்டேன் 1860-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர். அண்ணன் பின்னாளில் பிரிட்டனின் போர்த்துறை அமைச்சராகவும் லார்ட் சான்சலராகவும் இருந்தார். இவர் மருத்துவம் படித்து 1884-ல் பட்டம் பெற்றார். கிளினிக் வைத்து உட்கார்ந்திருக்கலாம். ஆனால் மனிதர்கள் மூச்சு விடும் காற்றில் என்ன இருக்கிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. சாகும்வரை விடவில்லை.

நம்மில் பலருக்கு அவர் சுரங்கப் பாதுகாப்புக்காரர் என்றுதான் தெரியும். ஆனால் அவர் முதலில் சோதித்தது வீடுகளின் காற்றை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் சணல் ஆலைத் தொழிலாளர்கள் ஒற்றை அறை வீடுகளில் குடும்பம் குடும்பமாக அடைந்து கிடந்த காலம் அது. ஹால்டேனும் உடன் வேலை செய்தவர்களும் நடுநிசிக்கு மேல் கண்ணாடிப் புட்டிகளோடு அந்த வீடுகளுக்குப் போனார்கள். முன்கூட்டிச் சொல்லாமல்தான் போனார்கள். சொல்லிவிட்டுப் போனால் வீட்டுக்காரர்கள் சன்னலைத் திறந்து வைத்துவிடுவார்களே! எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது அறையின் காற்றைப் புட்டியில் பிடித்துவந்து, கரியமிலவாயு எவ்வளவு, கிருமிகள் எவ்வளவு என்று எண்ணினார்கள். பள்ளிக்கூடங்களையும் விடவில்லை. 1887-ல் வந்த அவர்களுடைய அறிக்கை, ஓரறை வீடு, ஈரறை வீடு, நான்கறை வீடு என்று பிரித்து, காற்றையும் அங்கே வாழ்ந்தவர்களின் சாவுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. ஓரறை வீடுகளின் காற்றுதான் மோசம் என்று எண்களில் தெரிந்தது.

பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் வேலை. அங்கிருந்துதான் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் இறங்க ஆரம்பித்தார்.

1896 ஜனவரியில் வேல்ஸ் நாட்டின் டைலர்ஸ்டவுன் சுரங்கத்தில் வெடி விபத்து. 57 பேர் இறந்தார்கள். வெடித்ததில் சிதறியோ தீயில் கருகியோ செத்திருப்பார்கள் என்பதுதான் அதுவரைக்கும் எல்லாருடைய எண்ணமும். ஹால்டேன் அங்கே போய் உடல்களைப் பார்த்தார். பெரும்பாலானவர்கள் உடம்பில் பெரிய காயமில்லை. முகமும் தோலும் உயிரோடு இருப்பதுபோல இளஞ்சிவப்பாக இருந்தன. வெடிச்சத்தம் கேட்டு எழுந்து, வாசலை நோக்கி நடந்து, வழியில் ஒவ்வொருவராக உட்கார்ந்து அப்படியே முடிந்திருந்தார்கள். கொன்றது வெடிப்பல்ல, வெடிப்புக்குப் பின் சுரங்கத்தில் பரவிய கார்பன் மோனாக்சைடு என்று அந்த வருடமே அரசுக்கு அறிக்கை கொடுத்தார்.

இந்த வாயுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளுக்கு வருவதும் இதுதான். கரியோ விறகோ சமையல் எரிவாயுவோ, போதிய காற்றில்லாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. நிறமில்லை, வாசனையில்லை, கண்ணை எரிக்காது, இருமல் வராது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் நம் சீட்டில் துண்டு போட்டு உட்கார்ந்துகொண்டவரைப் போல, கிளப்பவே முடியாது. ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் ஆக்சிஜனுக்கு இடமிருக்காது. அப்படிப்பட்ட ரத்தம் செக்கச்செவேலென்று இருப்பதால்தான் அந்த முகங்கள் சிவந்திருந்தன.

ஹால்டேன் இதை அடுத்தவர் உடம்பில் சோதிக்கவில்லை. தன்னையே ஓர் அறையில் வைத்துக்கொண்டு, அளந்த அளவில் அந்த வாயுவைச் சுவாசித்து, அவ்வப்போது தன் ரத்தத்தை எடுத்து, ஏறக்குறைய பாதி ரத்தம் செயலிழக்கும்வரை போனார். மூச்சிரைப்பு, கால் தள்ளாட்டம், பார்வை மங்கல் என்று என்னவெல்லாம் வந்ததென்று குறித்துக்கொண்டே போனார். 1895-ல் அதை வெளியிட்டார். உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றும் பெரிதாகத் தெரியாது, எழுந்து இரண்டு படி ஏறினால்தான் கால் மடங்கும் என்று அவர் கண்டது நம் வாட்ச்மேனுக்கு நடந்த அதேதான். சின்ன உயிர்கள் நம்மைவிட வேகமாக மூச்சு விடுவதால் அவற்றுக்கு விஷம் முன்னாடியே ஏறும் என்பதையும் கண்டார். கையில் ஒரு எலியையோ குருவியையோ எடுத்துக்கொண்டு இறங்குங்கள், அது சரிந்தால் உங்களுக்கு இன்னும் சில நிமிடம் இருக்கிறது, திரும்பிவிடுங்கள் என்று மீட்புக் குழுக்களுக்குச் சொன்னார். சுரங்கத்துக் கானரிக் குருவிக் கூண்டு அப்படி வந்ததுதான். பிரிட்டிஷ் சுரங்கங்களில் 1986-ல்தான் குருவியின் இடத்தை மின்னணுக் கருவி பிடித்தது.

இந்த வாயுவின் கெட்ட புத்தி ஒன்று உண்டு. முதலில் மங்குவது நம் அறிவு. 1897-ல் ஐல் ஆஃப் மேன் தீவின் ஸ்னேஃபெல் சுரங்கத்தில் மரக்கட்டைகள் தீப்பிடித்துத் தொழிலாளர்கள் இறந்தபோது, விசாரிக்க இறங்கியவர் ஃபாஸ்டர் என்ற அரசுச் சுரங்க ஆய்வாளர். வாயுவைப் பற்றி அவருக்குத் தெரியாததில்லை. ஆனாலும் ஏணியருகே உட்கார்ந்துவிட்டார். எழுந்து ஏறாமல், நோட்டுப் புத்தகத்தை எடுத்து மனைவிக்குப் போய்வருகிறேன் என்று திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் மேலே கொண்டுவந்ததால் பிழைத்தார். ஹால்டேன் வீட்டிலும் ஒரு கதை சொல்வார்கள். ஒரு சுரங்கத்திலிருந்து வெளியே வந்து, தான் நலம் என்று வீட்டுக்குத் தந்தி கொடுத்தார். கொடுத்ததை மறந்து இன்னொன்று கொடுத்தார், பிறகு இன்னொன்றும். வாயு தலைக்கேறிய மறதி. ஆகவே ஆபத்து வந்தால் நான் பார்த்துக்கொள்வேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த நேரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டிய மூளைதான் முதலில் லீவு போடுகிறது.

அதனால்தான் ஹால்டேன் தனியாகச் சோதனை செய்ய மாட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் அவர் கட்டிய வீட்டிலேயே ஆய்வுக்கூடமும் காற்றுப் புகாத அறையும் இருந்தன. அவர் உள்ளே போனால் சிறு பெண்ணான மகள் நவோமி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அப்பா விழுந்தால் கதவைத் திறந்து இழுத்துவர வேண்டும் என்று ஏற்பாடு. குழந்தைக்குக் கொடுக்கும் வேலையா அது என்று எனக்கும் தோன்றியதுண்டு. பையனை இன்னும் மோசமாகப் பழக்கினார். சுரங்கத்துக்குக் கூட்டிப்போய், கூரையருகே மீத்தேன் சேர்ந்திருந்த இடத்தில் நிற்க வைத்து, ஷேக்ஸ்பியரின் நாடக வசனம் ஒன்றை ஒப்பிக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பையன் மூச்சு முட்டிச் சரிந்தான். தரையில் விழுந்ததும் நல்ல காற்று கிடைத்துத் தெளிந்தான். மீத்தேன் லேசானது, மேலே நிற்கும் என்பதை அந்தப் பையன் ஆயுசுக்கும் மறக்கவில்லை. நம் சிலிண்டர் வாயு இதற்கு நேர்மாறு: காற்றைவிடக் கனம், தரையோடு படியும். கார்பன் மோனாக்சைடோ காற்றோடு காற்றாகக் கலந்து அறை முழுக்க நிற்கும். கட்டிலில் படுத்தாலும் பாயில் படுத்தாலும் ஒன்றுதான்.

1911-ல் அவர் செய்த பயணம் நமக்கு இன்னும் நெருக்கமானது. உயரமான மலையில் உடம்பு எப்படிப் பழகுகிறது என்று பார்க்க, அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள பைக்ஸ் பீக் உச்சியில் மூன்று சகாக்களோடு ஐந்து வாரம் தங்கினார். உயரம் சுமார் 4,300 மீட்டர், நம் கொடைக்கானலைப் போல இரண்டு மடங்கு. மேபல் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற பெண் விஞ்ஞானி அந்தக் குழுவைச் சேர்ந்தவர்தான், ஆனால் அவர் தனியாக மலைகளில் இருந்த சுரங்க ஊர்களுக்குப் போய், வெவ்வேறு உயரத்தில் வசித்தவர்களின் மூச்சுக்காற்றைச் சேகரித்தார். (படிக்கும் காலத்தில் ஆக்ஸ்ஃபோர்ட் பெண்களுக்குப் பட்டம் தராததால், அவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது நூறாவது வயதில்!) உயரம் கூடக்கூட உடம்பு எப்படித் தன்னைச் சரிசெய்துகொள்கிறது என்பது இவர்கள் வேலையால்தான் தெளிவானது. நம் பழனி மலையின் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. அதாவது ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் ஏற்கெனவே கொஞ்சம் குறைச்சல். அந்தக் குறைச்சலோடு கரிச்சட்டியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு வம்பும் நம் ஊரில் உண்டு. வத்தலக்குண்டிலிருந்து வளைந்து வளைந்து ஏறிவரும் விருந்தாளிகளுக்குத் தலை சுற்றல், வாந்தி, தலைவலி. மலை ஏறிய களைப்பு என்று மாத்திரை கொடுத்து, குளிர்கிறதே என்று சன்னலைச் சாத்தி, அறைக்குள் கங்கும் வைத்துப் படுக்க வைப்போம். கார்பன் மோனாக்சைடுக்கும் அதே தலை சுற்றல், அதே வாந்தி, அதே தலைவலிதான். 2024-ல் நம் ஊரில் விடுதி அறையில் கரியடுப்போடு தூங்கிய இரண்டு பேர் மறுநாள் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள்.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மலைப்பாதையின் களைப்பு ஒருவருக்கு வரும், இன்னொருவருக்கு வராது. ஒரே அறையில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளியே போனதும் குறைந்தால், அடுப்பைச் சந்தேகப்படுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிவைத்த, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். டைலர்ஸ்டவுனில் முகங்களைச் சிவக்க வைத்த அதே சிவப்பை, அந்தக் கருவி ஆக்சிஜன் என்று தப்பாகப் படிக்கும். மெழுகுவர்த்தி அணையாமல் எரிகிறது என்பதும் ஆறுதல் இல்லை, ஆளைக் கொல்லும் அளவிலும் சுடர் எரிந்துகொண்டுதான் இருக்கும்.

ஹால்டேனின் மற்ற வேலைகளை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ஆழ்கடலில் முக்குளிப்பவர்கள் எவ்வளவு நேரம் எடுத்துப் படிப்படியாக மேலே வர வேண்டும் என்ற அட்டவணையை ஆடுகளை வைத்துச் சோதித்து 1908-ல் வெளியிட்டார். முதல் உலகப் போரில் ஜெர்மானியர் குளோரின் விட்டபோது, 1915-ல் போர்முனைக்கே போய் என்ன வாயு என்று கண்டறிந்து, முகமூடி செய்யும் வேலையில் இறங்கினார். அதற்கும் முதலில் தானே குளோரின் சுவாசித்துப் பார்த்தார், நுரையீரல் அடிபட்டது. அவர் தவறிய இடமும் உண்டு. நிலக்கரித் தூசி நுரையீரலுக்குப் பெரிய கெடுதல் இல்லை என்று கடைசிவரை வாதாடினார். அவருடைய பேருக்கு இருந்த மதிப்பே அந்தத் தவறுக்கு வலுவாகிவிட்டது. ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்களை அந்தத் தூசிதான் பின்னாளில் மூச்சுத்திணற வைத்தது. பெரியவர் சொன்னார் என்பதற்காக ஒன்றையும் சோதிக்காமல் விடக்கூடாதென்று எங்கள் வகுப்பாசிரியர் இதையும் மறைக்காமல் சொன்னார்.

எழுபத்தைந்து வயதிலும் மனிதர் வீட்டில் உட்காரவில்லை. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் வேலையாட்களுக்கு வெப்பத்தால் வரும் மயக்கத்தைப் பார்க்கப் பாரசீகத்துக்குப் போய்வந்தார். திரும்பியதும் நிமோனியா. 1936 மார்ச் நடுவில் ஆக்ஸ்ஃபோர்டில் இறந்தார்.

இனி நம் கட்டடத்துக்கு வருகிறேன். தொழிற்சாலையில் நாங்கள் செய்தது மூன்றே விஷயம் என்றேன் அல்லவா: காற்றுக்கு வழி, சோதனைக்குக் கருவி, வெளியே ஒரு ஆள். கேஸ் கீசர் குளியலறைக்குள் இருக்கும் வீடுகள் தயவுசெய்து அதை வெளிச்சுவருக்கு மாற்றுங்கள். மாற்றும்வரை வென்டிலேட்டரை அடைக்காதீர்கள், வாளியில் வெந்நீரைப் பிடித்துக்கொண்டு கீசரை அணைத்துவிட்டுக் குளியுங்கள், வயதானவர்களும் பிள்ளைகளும் உள்தாழ் போட வேண்டாம், வெளியில் இருப்பவர் அவ்வப்போது ஒரு குரல் கொடுங்கள். கங்கை வைத்துக்கொண்டு குளிர் காய்வதென்றால் மொட்டை மாடியிலோ முற்றத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். தணிந்துவிட்டது, சாம்பல் பூத்துவிட்டது என்று உள்ளே கொண்டுவராதீர்கள். பூத்த கங்குதான் புகையில்லாமல் விஷத்தை விடும். மின்சாரம் போகும்போது ஜெனரேட்டரைப் பால்கனியில் வைக்கும் இரண்டு வீட்டாரிடம் நான் நேரிலேயே பேசிவிட்டேன், கோபித்துக்கொள்ளவில்லை.

யாராவது மயங்கிக் கிடந்தால் கதவு சன்னலைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆளை வெளியே இழுத்துவாருங்கள். தனியாக உள்ளே நுழையாதீர்கள், இன்னொருவரைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்துங்கள். 108-க்குப் பேசும்போதும் மருத்துவரிடமும் கரி அல்லது கீசர் என்ற வார்த்தையை மறக்காமல் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் அவர்களுக்கும் மலைக்களைப்பாகத்தான் தெரியும். அழுத்தம் கூட்டிய ஆக்சிஜனில் வைத்தால், கார்பன் மோனாக்சைடு ஏறிய எலியும் உயிரோடு இருக்கும் என்று ஹால்டேன் அன்றே காட்டியிருந்தார். இன்றைக்கும் ஆக்சிஜன்தான் சிகிச்சை.

குருவிக்குப் பதில் இப்போது கார்பன் மோனாக்சைடு அலாரம் கிடைக்கிறது, விலை ஒரு மிக்ஸியைவிடக் குறைவு. வாங்கும்போது கவனியுங்கள், சமையல் எரிவாயுக் கசிவைச் சொல்லும் அலாரம் வேறு, இது வேறு. அதைத் தரையருகே மாட்ட வேண்டும், இதைப் படுக்கையறையில் தூங்குபவர் மூச்சு விடும் உயரத்தில். நான் ஒன்று வாங்கியிருக்கிறேன். வாட்ச்மேன் அறைக்கு ஆயில் ஹீட்டர் வாங்கச் சங்கத்தின் கமிட்டியில் ஒப்புதல் ஆகி, சென்ற மாதமே வந்துவிட்டது. கரிச்சட்டி இப்போது அங்கே இல்லை. ஆனால் ஹீட்டரின் மின்கட்டணத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று இன்னும் முடிவாகவில்லை, அடுத்த பொதுக்குழுவில் ஆளுக்குப் பத்து ரூபாய்க்காகச் சண்டை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஏணியோடு ஏ பிளாக்கிலிருந்து தொடங்குகிறேன். வென்டிலேட்டர் அடைத்திருக்கும் வீடுகளில் எடுத்துக்கொடுப்பேன், என் அலாரத்தைக் கீசர் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். வீட்டில் ஆள் இருந்தால் போதும், காபி வேண்டாம்.

சி பிளாக்கிலிருந்து, உங்கள் பக்கத்து வீட்டுக்காரன்